திருகோணமலையில் சுவராக இருந்த கதை

நான் கண்ணுக்குத் தெரியாதவன் என்று பதினோரு வருடங்களாக நம்பிக்கொண்டிருந்தேன். எடை எண்பத்தாறு கிலோ. உட்கார்ந்து எழுந்தால் முழங்காலில் பழைய கதவு திறக்கிற சத்தம் வரும். தும்மினால் எதிர்வீட்டு நாய் குரைக்கும். இப்படிப்பட்டவன் வகுப்பறை மூலையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் அரை மணியில் பிள்ளைகள் அவனை மறந்துவிடுவார்கள் என்று நம்புவதை என்னவென்று சொல்வது? முட்டாள்தனம் என்றுதான் சொல்ல வேண்டும். நாங்கள் அதை ஆய்வுமுறை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

கோயம்புத்தூரில், குழந்தைகளின், வளரிளம் பருவத்தினரின் நடத்தைச் சிக்கல்களை ஆராய்கிற ஒரு குழுவில் எனக்கு வேலை. படித்தவர்கள் ஆராய்வார்கள், நான் பார்ப்பேன். காதில் ஒரு சின்னக் கருவி. பத்து விநாடிக்கு ஒரு முறை அது டிங் என்னும். ஒரு டிங்குக்குத் தலையைத் தூக்கி ஒரு பிள்ளையைப் பார்க்க வேண்டும். அடுத்த டிங்குக்குத் தலையைக் குனிந்து, பார்த்ததைத் தாளில் குறிக்க வேண்டும். இடத்தில் இருந்ததா, வேலை செய்ததா, பேசியதா, காரணமில்லாமல் அசைந்ததா. ஒரு சுற்று, சிக்கல் இருப்பதாகச் சொல்லப்படும் பிள்ளை. மறு சுற்று, அதே வகுப்பில் வேறு ஏதாவது ஒரு பிள்ளை. கடைசியில் இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்தால், அந்தப் பிள்ளை மற்றவர்களிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று தெரிந்துவிடும். சிரிக்கக் கூடாது. பேசக் கூடாது. கண்ணைச் சந்திக்கக் கூடாது. எங்கள் தலைவி இதை இரண்டே சொல்லில் முடிப்பார்: "சுவரா இரு."

கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தமிழில் படிக்கிற பிள்ளைகளை ஒப்பிடுகிற ஆய்வு அது. திருகோணமலையில் பார்ப்பதற்காக இருந்த பெண்ணுக்கு டெங்கு. "உங்களால போக முடியுமா?" என்றார் தலைவி. ஒரு சுவரை எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று நினைத்திருப்பார்.

ஞாயிறு பிற்பகல் பஸ்ஸை விட்டு இறங்கினேன். நம் ஊரில் பஸ் நிலையத்தில் மாடு நிற்கும். இங்கே மான் நின்றது. புள்ளி மான்கள், ஏழெட்டு, ஒரு மருந்துக்கடை நிழலில் வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டிருந்தன. நான் பெட்டியைத் தரையில் வைத்த சத்தத்துக்கு எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தது. எதுவும் ஓடவில்லை. எதுவும் மெல்லவும் இல்லை. பெட்டியை நான் மறுபடி தூக்கும் வரை அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஓட்டோக்காரர், "அதுகள் அப்பிடித்தான் ஐயா, புது ஆள் எண்டாப் பாக்கும்" என்றார். எனக்கென்னவோ அவை குறிப்பு எடுத்துக்கொண்டதாகத் தோன்றியது.

தங்கியது ஓர்ஸ் ஹில்லில், உள்துறைமுகத்தைப் பார்த்த ஒரு வீட்டு மாடியில். வீட்டுக்காரர் தங்கராசா துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். புட்டு, கணவாய்க் கறி, தேங்காய்ப்பால் சொதி. என் பெண்டாட்டி சமையலைக் குறை சொல்கிற துணிச்சல் எனக்குக் கிடையாது. ஆனால் அந்தச் சொதியை நினைத்தபடி இப்போதும் ரசம் சாப்பிடுகிறேன். ஜன்னலுக்குக் கீழே தண்ணீர் அசையாமல் கிடந்தது. கடல் என்றால் ஏதாவது சத்தம் போட வேண்டாமா? மெரினாவில் கடல் நம்மோடு சண்டைக்கு வரும். இது நம்மைக் கேட்டுக்கொண்டிருந்தது.

"எந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தனீங்கள் தம்பி?" என்று கேட்டார் தங்கராசா.

சொன்னேன்.

"ஓ, உந்தக் கட்டடமோ? முந்தி வெள்ளைக்காரன்ர ஆஸ்பத்திரி. அங்க கதிரையள் தன்ரபாட்டில இடம் மாறும் எண்டு சனம் கதைக்கிறது." கதிரை என்றால் நாற்காலி.

"நீங்க நம்புறீங்களா?"

"சீச்சீ. நான் உதுகளை நம்பிறேல்லை." கொஞ்சம் சொதி ஊற்றினார். "ஆனா உள்ளுக்கும் போறேல்லை."

திங்கட்கிழமை. அதிபர் நல்ல மனிதர், அவசரக்காரர். இங்கே அதிபர் என்றால் தலைமை ஆசிரியர். அது தெரியாமல், "அதிபர் உங்களைச் சந்திப்பார்" என்று சொன்னதைக் கேட்டு நான் சட்டையை உள்ளே செருகிக்கொண்டு போயிருந்தேன். அவருடைய மேசையில் ஒரு கடிதம் ஏற்கெனவே தட்டச்சாகித் தயாராக இருந்தது. தரம் ஆறில் நுஸ்ரா என்ற பிள்ளை, வயது பதினொன்று. வகுப்பில் வாய் திறப்பதில்லை. நாள் முழுக்க மேசையில் தட்டிக்கொண்டே இருக்கிறது. நினைத்தால் எழுந்து போய் ஜன்னலில் நிற்கிறது.

"கிண்ணியாப் பக்கம் இப்பிடியான பிள்ளைகளுக்கு ஒரு விசேட வகுப்பு இரிக்கி, சேர். அங்க மாத்திறெண்டா ஒரு ஆதாரம் வேணும். வெள்ளிக்கிழமை உங்கட கணக்கத் தந்தீங்கெண்டா, இதோட சேத்து அனுப்பிருவன்."

வகுப்பாசிரியை ஃபர்ஸானாவிடம் என் விதிகளைச் சொன்னேன். என்னை யாரும் கவனிக்கக் கூடாது, நீங்களும் என்னோடு பேசக் கூடாது, நான் ஒரு சுவர். அவர் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். "நல்ல அகலமான சுவர்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வகுப்பிடம் திரும்பினார். "புள்ளைகள், சேர் இஞ்ச இரிப்பார். அவரப் பாக்கப்படாது, கதைக்கப்படாது, அவருக்கு முன்னால குழப்படி செய்யப்படாது." குழப்படி என்றால் இங்கே சேட்டை.

முப்பத்து நான்கு பிள்ளைகள். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பர்தா. பின்னால் ஜன்னலோரம் தனியாக ஒரு மேசை, அதில் நுஸ்ரா. பென்சிலின் அடிப்பக்கத்தால் தட்டிக்கொண்டிருந்தாள். டுக். டுக். டுக். வேகமும் இல்லை, நிறுத்தமும் இல்லை, ஒரே சீர். கொசகொசவென்று ஒரு பேச்சு, ஒரு தும்மல், ஒரு கிள்ளல், ஒரு "ஆ!" என்று வகுப்பு வழக்கமான வகுப்பாகத்தான் தொடங்கியது. இரண்டாவது பாடவேளை வரை நன்றாக இருந்தேன்.

மூன்றாவது பாடவேளையில் சத்தம் நின்றுவிட்டது.

குறைந்தது என்று சொல்லவில்லை. நின்றுவிட்டது. தலையைத் தூக்கினால் எல்லாரும் நோட்டுக் கொப்பியைப் பார்த்தபடி. பேனா அசையவில்லை, கால் ஆடவில்லை. ஆசிரியை கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். டுக், டுக் என்று அந்தப் பென்சில் மட்டும். தலையைக் குனிந்து எழுதினேன். அப்போது காய்ந்த சருகின் மேல் பாம்பு போகிற மாதிரி ஒரு சரசரப்பு. நிமிர்ந்தேன். ஒன்றுமில்லை. எல்லாரும் கொப்பியைப் பார்த்தபடி. ஆனால் மூன்றாம் வரிசை மேசையில் இருந்த சிவப்புத் தண்ணீர்ப் போத்தல் ஜன்னல் கட்டையில் இருந்தது.

நான் தவறாகப் பார்த்திருப்பேன் என்று நினைத்தேன். குனிந்தேன். சரசரப்பு. நிமிர்ந்தேன். முதல் வரிசை ஓரத்தில் இருந்த கண்ணாடிப் பையன் நான்காவது வரிசையில் இருந்தான். மூக்குக்கண்ணாடி மட்டும் அவனோடு போகவில்லை. அது இப்போது ஒரு பெண் பிள்ளையின் முகத்தில் இருந்தது.

பதினோரு வயதுப் பிள்ளைகள் முப்பத்து நான்கு பேர் ஒரு அறையில் இருக்கிறார்கள், ஒரு சிரிப்புக்கூட வரவில்லை என்றால் அது ஒழுக்கம் இல்லை. அது வேறு ஏதோ. தங்கராசாவின் ஆஸ்பத்திரி ஞாபகத்துக்கு வந்தது. முதுகை நாற்காலியோடு ஒட்டிக்கொண்டேன். சுவருக்கு ஒரு சுவர் தேவைப்பட்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் பாண் ரொட்டி, பருப்பு, கட்டைச் சம்பல். பயத்தில் பாதிப் பாண்தான் சாப்பிட்டேன் என்று எழுத ஆசைதான். முழுவதையும் சாப்பிட்டேன். பயந்தால் எனக்குப் பசிக்கும்.

வகுப்பில் என் மூலைக்கும் கடைசி வரிசைக்கும் நடுவில் திங்களன்று ஒரு ஆள் கைவீசி நடக்கிற அளவு இடம் இருந்தது. செவ்வாய் பத்து மணிக்கு, பக்கவாட்டில்தான் போக முடியும் என்கிற அளவு ஆகிவிட்டது. எந்தக் கதிரையும் இழுபட்ட சத்தம் கேட்கவில்லை. நான் குனியும்போது அறை என் பக்கம் வந்தது. நான் நிமிரும்போது நின்றது. டுக், டுக், டுக். என் தாளில் எண்கள் அழகாக விழுந்துகொண்டிருந்தன. நுஸ்ரா: அசைவு, அசைவு, அசைவு. மற்றப் பிள்ளை: இல்லை, இல்லை, இல்லை. பதினோரு வருடத்தில் இப்படி ஒரு இடைவெளியை நான் கண்டதில்லை. இந்தக் கணக்கைப் பார்க்கிற யாரும் அவளை அன்றைக்கே பஸ் ஏற்றிவிடுவார்கள்.

ஒன்றரைக்குப் பள்ளி விட்டதும் வாசலில் ஒரு பெண் காத்திருந்தார். கையில் தையல் நூல் ஒட்டியிருந்தது.

"சேர், எண்ட மகளப் பாக்க வந்த ஆள் நீங்கதானே?"

"நான் பார்க்கிறதோட சரிங்க. முடிவு எடுக்கிறது நானில்லை."

"பாக்கிற ஆள் சொல்றத வெச்சித்தானே முடிவு எடுக்கிற?" என்றார். "அவட வாப்பா கட்டார்ல. கிண்ணியாவுக்கு மாத்தினா தினம் ரெண்டு பஸ் மாறிப் போக ஏலாது. மாமிட ஊட்டுலதான் தங்க வெச்சி நிப்பாட்டணும். எண்ட புள்ளய எனக்குத் தெரியும் சேர். நிப்பாட்டினா மூணு நாள் இரிப்பா. நாலாம் நாள் பள்ளிக்கூடமே வேணாம் எண்டுருவா. அதோட முடிஞ்சிது."

"அவ ஏன் தட்டிக்கிட்டே இருக்கா?"

"எண்ணுறா."

"எதை?"

"எல்லாத்தயும்தான். ஜன்னல்ல நிண்டு கப்பல் எண்ணுவா. நான் தைக்கக்குள்ள தையல் எண்ணுவா. அது ஒரு வருத்தமா சேர், மருந்து எடுக்க?"

புதன்கிழமை வகுப்பில் நடந்ததை நிதானமாகச் சொல்ல வேண்டும். பதினோரு மணி இருக்கும். கால் மரத்துப்போனதால் ஷூவை, இங்கே சப்பாத்து, நகர்த்தப் பார்த்தேன். கீழே குனிந்தேன். என் இரண்டு சப்பாத்தையும் சுற்றி வெள்ளைச் சாக்பீஸால் கோடு போட்டிருந்தது. குதிகால், விளிம்பு, நுனி எல்லாம் துல்லியமாக. விபத்து நடந்த இடத்தில் போலீஸ்காரர்கள், விழுந்துகிடந்தவரைச் சுற்றிப் போடுவார்களே, அப்படி. யாரோ என் காலடியில் வந்து, உட்கார்ந்து, வரைந்து, திரும்பிப் போயிருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நிமிர்ந்தேன். முப்பத்து நான்கு தலைகளும் குனிந்திருந்தன. டுக். டுக்.

அன்று மத்தியானம் என் கால் என்னைக் கேட்காமலேயே பஸ் நிலையத்துக்குப் போனது. அந்த விசேட வகுப்பைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. அந்த அறையிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளிப் போகிறேனோ அவ்வளவு நல்லது என்பதும் ஒரு காரணம். மூதூர் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் கண்ணை மூடினேன். மனசு தானாக எண்ண ஆரம்பித்தது. பத்து வரை, பிறகு மறுபடி ஒன்று. நான் நிறுத்தப் பார்த்தேன், அது நிற்கவில்லை. கண்டக்டர் தோளைத் தட்டினார்.

"ஐயா எங்க இறங்கிற?"

"கிண்ணியா."

"கிண்ணியா போய் அரை மணித்தியாலம். பாலத்தில உங்கள எழுப்பினனான். கண்ணத் துறந்து பாத்து, 'ஏழு' எண்டீங்க. ஏதோ ஏழாம் நம்பர் எண்டு விட்டுட்டன்."

பஸ் முழுக்கச் சிரித்தது. இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த ஒரு ஓட்டோவைப் பிடித்துத் திரும்பினேன். அந்த வகுப்பு குறிஞ்சாக்கேணியைத் தாண்டி, களப்பு என்று இவர்கள் சொல்கிற காயலின் ஓரமாக இருந்தது. பிள்ளைகள் போய்விட்டார்கள். கதவைப் பூட்டப் போன ஆசிரியை எனக்காகத் திறந்து காட்டினார். சுத்தமான அறை. சுவரில் பழங்களின் படம். நான்கு குட்டிக் கதிரைகள். "இப்ப நாலு புள்ளைகள் இரிக்காங்க, எல்லாம் ஆறு ஏழு வயசு" என்றார். அவர் நல்லவர், அந்த நான்கு பேரையும் பற்றி அவர் பேசியபோது முகம் மலர்ந்தது. ஒரு குட்டிக் கதிரையில் உட்கார்ந்து பார்த்தேன். என் முழங்கால் காதுக்கு வந்தது. நுஸ்ரா உட்கார்ந்தாலும் மேசை இடிக்கும். ஜன்னலுக்கு வெளியே களப்பு. கப்பல் ஒன்றும் வராது. எண்ணுவதற்கு ஒரு கொக்கு இருந்தது. அதுவும் ஒற்றைக்காலில் அசையாமல் நின்று என்னைப் பார்த்தது.

வியாழக்கிழமை காலை துறைமுகத்தின் மேல் பனிப்புகை மாதிரி ஒன்று படுத்திருந்தது. ஒரு கப்பலின் மேல்பாதி மட்டும் தெரிந்தது, தண்ணீரில் இல்லாமல் காற்றில் நிற்பது போல. "அடி காணேலாத ஆழம்" என்றார் தங்கராசா, பெருமையாக. பாலில்லாத பிளேன்ரீயை ஒரே மடக்கில் குடித்தேன். எனக்குக் கோப்பையின் அடி தெரிந்தால் போதும்.

வகுப்புக்குப் போய் மூலையில் உட்கார்ந்தேன். கடைசி வரிசை இப்போது கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தது. இன்னொன்றையும் கவனித்தேன். தனியாக ஜன்னலோரம் இருந்த நுஸ்ராவின் மேசையைச் சுற்றி ஆறேழு மேசைகள் வந்திருந்தன. திங்களன்று அவள் பக்கத்தில் யாருமே இல்லை.

இரண்டாம் பாடவேளையில் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். காதில் டிங் வர வேண்டும். வந்ததா? கருவியில் மின்சாரம் தீர்ந்துபோய், எத்தனை நேரமாக மௌனமாக இருந்ததோ தெரியாது. அதுவரை எனக்குள் ஓடிய எண்ணிக்கையில்தான் குனிந்து நிமிர்ந்திருக்கிறேன், இப்போது அதுவும் குழம்பியது. என் முழங்காலுக்குப் பக்கத்தில் யாரோ மூச்சு விடுகிற சூடு பட்டது.

நேரம் ஆனதா ஆகவில்லையா என்று பார்க்காமல் நிமிர்ந்துவிட்டேன்.

பாதி வகுப்பு நடுவில் நின்றது. வெள்ளைப் பர்தாக்கள், வெள்ளைச் சட்டைகள், ஒவ்வொன்றும் ஒரு நிலையில். ஒரு கால் தூக்கியபடி ஒருத்தி. கதிரையைத் தலைக்கு மேல் தூக்கியபடி இரண்டு பேர். சப்பாத்தில்லாமல், காலுறையோடு, எல்லாரும். என் காலடியில் சாக்பீஸோடு ஒரு பெண் பிள்ளை முழந்தாளிட்டு, விரலை நீட்டி, என் முழங்காலுக்கு ஒரு அங்குலம் முன்னால் உறைந்திருந்தாள். யாரும் இமைக்கவில்லை. ஒரு கணம், சத்தியமாக, இதுகள் பிள்ளைகள் இல்லை என்றே நினைத்தேன்.

பிறகு அந்தச் சாக்பீஸ்காரி திரும்பினாள். என் பக்கம் இல்லை, ஜன்னல் பக்கம்.

"ஏய் நுஸ்ரா! எட்டு வரல்லயே, அவர் பாத்துட்டார்! பிழையா எண்ணிட்டாய்!"

வகுப்பில் ஒரு நாளும் வாய் திறவாத பிள்ளை, பென்சிலைக் கீழே வைத்தாள்.

"நான் பிழை இல்ல. அவர்தான் பிழை."

முப்பத்து மூன்று பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தொடர்ந்து எல்லாரும் சேர்ந்து விட்ட சிரிப்பில் ஆசிரியையின் கையிலிருந்து சாக்பீஸ் விழுந்தது. நானும் சிரித்தேன். இத்தனை விதிகளில் ஒன்றை உடைத்தால் மற்றதெல்லாம் சுலபம்.

அவர்கள் சொன்னதைக் கோர்த்தால் இதுதான் விஷயம். பார்க்கிறவர் திரும்பியிருக்கும்போது நகர வேண்டும், பார்க்கும்போது சிலையாக நிற்க வேண்டும், மாட்டாமல் வந்து அவரைத் தொட்டால் வெற்றி. இந்த விளையாட்டை நாமும் விளையாடியிருக்கிறோம். இத்தனை ஒழுங்காகக் குனிந்து நிமிர்கிற ஆள் மட்டும் நமக்குக் கிடைத்ததில்லை. திங்கள் இரண்டாம் பாடவேளையில் நுஸ்ரா என்னை எண்ணி முடித்துவிட்டாள்: பத்து மேலே, பத்து கீழே. பக்கத்து வரிசைக்குச் சைகையில் சொன்னாள். அன்றுவரை அந்தத் தட்டல் சத்தத்துக்காக அவளைத் திட்டியவர்கள், மூன்றாம் பாடவேளையிலிருந்து அதைக் கேட்டு நடந்தார்கள். எட்டாவது தட்டுக்கு எல்லாரும் இடத்தில். பத்தாவதுக்கு என் தலை.

அதாவது என் தாளில் அசையாத முப்பத்து மூன்று பேரும் அசைந்துகொண்டே இருந்தவர்கள். அசைந்ததாக நான் குறித்த ஒருத்திதான் நான்கு நாளும் இடத்தைவிட்டு எழாமல் வேலை செய்தவள்.

இடைவேளையில் ஃபர்ஸானா ரீச்சரைப் பிடித்தேன்.

"உங்களுக்கு எப்பத்திலிருந்து தெரியும்?"

"திங்கக்கிழமையே தெரியும் சேர். உங்களுக்கும் தெரியும், பகிடிக்கு விட்டுக்குடுக்கிறீங்க எண்டு நினைச்சன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நீங்கதானே சுவர் எண்டீங்க. சுவரோட எப்பிடிக் கதைக்கிற?"

நுஸ்ராவின் கணக்கு எப்படி விழுந்திருக்கிறது என்று தாளைக் காட்டினேன். அவருடைய முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "இதையா நாளைக்கு அதிபருட்டக் குடுக்கப் போறீங்க?" என்று கேட்டார்.

பிற்பகல் தலைவிக்குப் போன் செய்தேன். நான்கு நாள் தரவும் பாழ் என்றேன். எப்படி என்றார். சொன்னேன். "பதினோரு வயசுப் பசங்க உங்களை ஏமாத்திட்டாங்கன்னு அறிக்கையில எழுதணும். எழுதுவீங்களா?" என்றார். எழுதாமலும் இருக்கலாம் என்பதுதான் அதில் கொக்கி. எண்கள் சுத்தமாக இருந்தன. என்னையும் அந்த வகுப்பையும் தவிர யாருக்கும் தெரியாது. பேசாமல் கொடுத்துவிட்டு வந்தால் நான் திறமையான சுவராகவே ஓய்வு பெறலாம். ஜன்னலுக்குக் கீழே துறைமுகம் வாயைத் திறக்காமல் கிடந்தது. அந்தக் குட்டிக் கதிரையும், என் காதுக்கு வந்த முழங்காலும் ஞாபகத்துக்கு வந்தன.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்காகப் பள்ளி முன்கூட்டியே விடுவார்கள். அதற்குள் அதிபரின் அறைக்குப் போனேன். தாள்களின் குறுக்கே பெரிதாக எழுதியிருந்தேன்: "செல்லாது. பார்க்க வந்தவரை வகுப்பு பார்த்துக்கொண்டிருந்தது." அதிபர் அதை இரண்டு முறை படித்தார். நான் திங்களிலிருந்து வியாழன் வரை நடந்ததைச் சொன்னேன். சாக்பீஸ் கோட்டுக்கு வந்தபோது அவர் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்.

"அப்ப பிரச்சினை ஆருக்கு சேர்?"

"எனக்குத்தான். என்னை வேணும்னா கிண்ணியாவுக்கு மாத்துங்க. கதிரைதான் பத்தாது."

சிரித்தார். ஆனால் கடிதம் இன்னும் மேசையில்தான் இருந்தது. விரலால் அதைத் தள்ளித் தள்ளி வைத்தார். "அவ கதைக்கிறல்லயே, அது மெய்தானே?"

"நேத்து கதைச்சா. ரெண்டு வாக்கியம். ரெண்டும் சரி."

ஃபர்ஸானா ரீச்சர் வாசலில் நின்றிருந்தார். "இண்டைக்குக் காலயில அவட மேசைக்கிட்ட இருக்கிறதுக்குப் புள்ளைகள் சண்டை பிடிக்காங்க சேர். நான் பாத்துக்கிறன். அவவ இஞ்சயே வைங்க" என்றார். அதிபர் கடிதத்தை இரண்டாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். யோசித்து, எடுத்து, நான்காகக் கிழித்துப் போட்டார்.

வாசலில் நுஸ்ராவும் அவள் உம்மாவும் நின்றார்கள். உம்மாவுக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்துவிட்டது. கண் ஈரமாக இருந்தது. பின்னால் பள்ளிக் கட்டடம் காலியாகி, பழைய ஆஸ்பத்திரி மாதிரியே நின்றது. நான் எண்பத்தாறு கிலோவையும் மடித்து, முழங்கால் கதவு கிறீச்சிட, நுஸ்ராவின் உயரத்துக்குக் குனிந்தேன். இத்தனை நாளில் முதல் முறையாக அவள் கண்ணை நேராகச் சந்தித்தேன். அவள் இமைக்கவே இல்லை.

"உன்னை இனி எங்கேயும் அனுப்ப மாட்டாங்க. நானே சொல்லிட்டேன்" என்றேன், கொஞ்சம் பெருமையாக. "நாலு நாளா உன்னைப் பத்தி நான்தான் எழுதினேன். இப்ப நீ என்கிட்ட ஏதாவது கேக்கணும்னா கேளு."

அவள் யோசித்தாள்.

"நீங்க எப்ப போறீங்க?"